வேம்படிக் குழிக்கு ஒரு நீலக் குடுவை

அக்டோபர் 24, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். கல்லறை விளக்குக்கான கண்ணாடிக் குடுவைகள் உலர மறுக்கின்றன. நேற்றுப் பூசிய சிவப்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். ரேகை பதிந்தது. துடைத்தாயிற்று. மறுபடி முதலிலிருந்து.

என் கணவரின் காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றினேன். குதிகால் ஓரம் இன்னும் ஈரம். பள்ளி அலுவலகத்தில் முப்பது ஆண்டு உட்கார்ந்தே இருந்த கால்கள், இப்போது நடக்கச் சொன்னால் நடப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா ஒரு பை நிறையக் காலிக் குடுவைகள் கொடுத்தாள். "டீச்சரம்மா, அம்புட்டையும் வெளக்கித்தான் கொண்டாந்திருக்கேன். மோந்து பாருங்க, ஒரு வாடை இருக்காது."

மோந்தேன். மாங்காய் ஊறுகாய். நல்லெண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் பற்றாது, தோலாக உரிந்து வரும். வெந்நீர், சோடா உப்பு, அதன்பின் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. மூன்றும் செய்யாமல் தூரிகையைத் தொடுவதில்லை.

நான் ஆசிரியை அல்லேன். அவள் அப்படித்தான் அழைக்கிறாள். நான் திருத்துவதுமில்லை.

மாலையில் ச.மு. வந்தார். சவரிமுத்து, கல்லறைத் தோட்டப் பொறுப்பாளர், என் கணவரை அண்ணே என்று சுற்றி வருபவர். ஞாயிறு பூசையில் நான் வாசிக்க வேண்டிய அறிவிப்பைக் கொடுத்தார். "லைட் எரியாத குழி மார்க் பண்ணப்படும்" என்று தொடங்கியது. கண் கூசிற்று. திருத்தி எழுதினேன். இங்கும் ஒரு படி:

"நமது கல்லறைத் தோட்டத்தில் புதிய குழிகளுக்கு இடமில்லை. ஆகவே, சென்ற ஆண்டைப் போலவே, கல்லறைத் திருநாளன்று மாலை மக்கள் கலைந்த பின், விளக்கு எரியாத குழிகள் உரியவர் அற்றவையாகக் கருதப்பட்டுச் சுண்ணாம்பால் குறியிடப்படும். அவை அடுத்த ஞாயிறு பூசையில் அறிவிக்கப்படும். உரிமையுடையோர் அப்பொழுதே எழுந்து அனைவர் முன்பும் கூற வேண்டும். எவரும் எழாத குழிகள், இனி வருவோருக்காகத் திறக்கப்படும்."

நன்றாக வந்திருக்கிறது. "இனி வருவோர்" என்ற இடம் குறிப்பாக.

பால் பாக்கெட் இரண்டு. இவருடைய மாத்திரை. பஞ்சு.

அக்டோபர் 26, ஞாயிறு

வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். மீதியை நானே கற்றேன். மேடையில் நிற்கும்போது அது யாருக்கும் தெரிவதில்லை.

வெளியே வந்ததும் ச.மு.: "மதினி, நான் எழுதுனது எனக்கே வெளங்கல போங்க. 'உரியவர் அற்றவை'ன்னா ஆளில்லாததுதான?"

"ஆம். ஆளில்லாததுதான்."

"அப்பறம் அதையே சொல்லிருக்கலாமுல்ல."

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் குடுவை வேண்டும். மாலை சாற்றினால் ஆடு தின்றுவிடுகிறது, மெழுகுவர்த்தியை வெறுமனே நட்டால் காற்று தின்றுவிடுகிறது. அடியில் மணல், மணலில் மெழுகுவர்த்தி, சுற்றிலும் கண்ணாடி என்றால் நிற்கும். சென்ற ஆண்டு நான் செய்தவை கடைசி வரை எரிந்தன. பூ வேண்டும் என்கிறாள் ஒருத்தி. புறா வேண்டும் என்கிறாள் மற்றொருத்தி. "எக்கா, எங்க மாமனாருக்குப் புறாவெல்லாம் வேணாம், சேவல் போட்டுருங்க, அவருக்கு அதுதான் உசுரு."

சேவல். போடுகிறேன்.

உசிலம்பட்டியிலிருந்து தங்கை ஜோஸ்பினின் தொலைபேசி. முழங்கால் அறுவை முடிந்தும் படியிறங்க முடியவில்லை. "அக்கா, இந்த வருசம் என்னால வர முடியாது. அருளுக்கு நீதான் வெளக்கு வைக்கணும். நீ இருக்கேல்ல, அதான் நிம்மதியாத் தூங்குறேன்."

அருள் அவளுடைய மூத்தவன். அவர்கள் இங்கே மதுரையில் குடியிருந்தபோது நான்கு வயதில் காய்ச்சலில் போனவன். கிழக்குச் சுவர் ஓரம், வேம்பின் அடியில் சிறிய குழி. மேலே கல் கட்டவில்லை. அன்று கட்ட வசதியில்லை, பிறகு கட்ட மனமில்லை. இரும்புச் சிலுவையில் பெயர் துருவாகிவிட்டது. எனக்குப் பிள்ளை இல்லை. என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்ட முதல் வாய் அது.

விளக்கைத் தவிர அந்தக் குழிக்கு வேறு அடையாளமில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

வெயில் ஒரு மணி நேரம் வந்தது. குடுவைகளை மாடிக்கு ஏற்றினேன். மேகம் வந்தது. இறக்கினேன். இடுப்பு.

இன்று முடித்தவை: சிவப்பு ரோஜா, பச்சைக் கொடி, புறா, சேவல் (வால் நன்று, கொண்டை சற்றுப் பெரிது). எல்லாவற்றுக்கும் கண்ணாடிக்கென்று விற்கும் மெல்லிய வண்ணம். குழாயைப் பிதுக்கிக் கோடு, கோட்டுக்குள் வண்ணம். குழந்தைகள்கூடச் செய்யலாம். எனக்கு இதில் திருப்தியில்லை.

அருளுக்கு வேறு விதமாக. எல்லோருக்கும் கொடுக்கும் சேவலும் ரோஜாவும் அவனுக்கு வேண்டாம். மொட்டை மாடியில் என் மடியில் படுத்து நட்சத்திரம் எண்ணுவான். எண்ணத் தெரியாது. ஒன்று, ரெண்டு, ஒன்று, ரெண்டு. ஆகவே இரவு வானம். பாண்டியம்மா கொடுத்தவற்றுள் பெரியதை எடுத்து வைத்தேன். மெல்லிய நீலம் வானமாக வரவில்லை, சாயத் தண்ணீராக வந்தது. கடையில் கெட்டியான நீலம் வாங்கினேன், சுவர்ச் சித்திரத்துக்குப் பூசுவார்களே, அது. முதல் பூச்சு ஆயிற்று.

அவர்: "எல்லாத்துக்கும் ஒரு நாள்னா இதுக்கு ஒரு வாரம் ஆகும்போல."

தூரிகையைக் கழுவி வைத்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

இரண்டாம் பூச்சும் ஆயிற்று. பஞ்சால் ஒற்றி ஒற்றி, தூரிகைத் தடம் இல்லாமல். கழுத்துப் பக்கம் வெளிர் நீலம், கீழே வரவரக் கருமை. பொன் வண்ணத்தில் நட்சத்திரங்கள். மூடியில் ஆணியால் காற்றுத் துளைகள், அதன் மேலும் அதே நீலம். சன்னலில் வைத்தேன். பாண்டியம்மா வாயைப் பிளந்தாள்.

"ஆத்தாடி. டீச்சரம்மா, இத எதுக்குக் கல்லறையில கொண்டு வைக்கிறீக? ஷோகேசுல வையுங்க."

என் கையால் செய்தவற்றுள் இதுவே சிறந்தது. தற்பெருமை அன்று, மதிப்பீடு.

அவர் கட்டிலிலிருந்து: "உள்ள ஒரு மெழுகுவர்த்திய ஏத்திப் பாரேன், எப்படி இருக்குன்னு."

கல்லறைக்கென்று வாங்கிய மெழுகுவர்த்தியை வீட்டுக் கூரையின் கீழ் ஏற்றுவதில்லை. எங்கள் வீட்டில் அப்படி. வீட்டில் ஏற்றினால் அது அந்த வீட்டிலேயே இன்னொரு குழிக்கு ஆள் தேடும் என்பாள் அம்மா. மூடநம்பிக்கை என்று அறிவேன். இருந்தும், இவர் கால் இப்படி இருக்கையில் எப்படி ஏற்றுவேன்? அதை அவரிடம் சொல்ல முடியுமா?

"வழக்கமில்லை" என்றேன்.

"சாமி ரூம்புல ஏத்துறோம்ல?"

"அது வேறு."

"ஆமா, ஒனக்கு எல்லாமே வேற." திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 1, சனி

எல்லோரும் வந்து வாங்கிப் போனார்கள். வீடு முழுக்க ஸ்பிரிட் நாற்றம். சேவலைப் பார்த்து அந்தப் பெண் அழுதுவிட்டாள். பிறகு, "கொண்டை கொஞ்சம் பெருசு, ஆனா அவருக்கும் தலக்கனம் சாஸ்திதான்" என்று சிரித்தாள்.

சோர்வு. இரவுக்குச் சமைக்கவில்லை. இட்லி வாங்கினோம்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

நாலு மணிக்குச் சாமியார் குழிகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். கூட்டம், சாம்பிராணி, செவ்வந்தி, சுண்டல் விற்பவர். மழை இல்லை, மழைக்கு முந்தைய வெளிச்சம். புல்லைப் பிடுங்கி, மண்ணை மெழுகி, குடுவையை வைத்தேன். மெழுகுவர்த்தியை ஏற்றி, மணலில் அழுத்தி, மூடினேன். அந்த வெளிச்சத்தில் நீலம் ஜொலித்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "இது யாரு வச்சது?" என்று கேட்டது காதில் விழுந்தது. கேட்காதது போல் இருந்தேன்.

தங்கை ஜோ.வுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு சொல் எழுதியிருந்தாள்: "வானம்."

அந்தி வரை நிற்க ஆசை. இவருக்கு ஊசி போடும் நேரம். வந்துவிட்டேன். திரும்புகையில் தூறல் பிடித்தது.

நவம்பர் 3, திங்கள்

குடுவையைத் திரும்ப எடுத்துவரப் போனேன்.

வேம்படிக் குழியின் தலைமாட்டில் சுண்ணாம்புச் சிலுவை.

நின்றுகொண்டே இருந்தேன். செவ்வந்தியில் ஒரு காம்பு மிச்சமில்லை. ஆடுகள். குடுவை வைத்த இடத்தில் வைத்தபடி. மூடியைத் திறந்தேன். மெழுகு மணல் வரை இறங்கி முழுவதும் எரிந்து தீர்ந்திருந்தது. எரிந்திருக்கிறது. கடைசி வரை எரிந்திருக்கிறது.

ச.மு. குழி வெட்டுபவரோடு தண்ணீர்த் தொட்டி அருகே நின்றார். இரண்டு பெண்களும் இருந்தார்கள். நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"விளக்கு எரிந்த குழிக்குக் குறி போட்டிருக்கிறீர்களே. கண்ணாடி மாற்றும் காலம் வந்துவிட்டதா, அல்லது இந்தச் சுவர்ப்பக்கம் வரச் சோம்பலா?"

அவர் முகம் சுருங்கியது. "இல்ல மதினி. அந்தக் குழிக்கு நான்தான் போனேன். குனிஞ்சு பாத்தேன். இருட்டு. பழைய பாட்டில் கெடக்குன்னு நெனச்சேன், போன வருசத்துது அங்ஙன அங்ஙன கெடக்குல்ல."

"பழையதா? அதுவா பழையது?"

"பொட்டுப் போலக்கூட வெளிச்சம் இல்ல மதினி."

பெண்களில் ஒருத்தி மெல்ல: "அண்ணே, ஒருவேளை உங்க கண்ணுல..." என்று சிரித்தாள். ச.மு. சிரிக்கவில்லை. "சரித்தா, எனக்கு வயசாயிருச்சு" என்று சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜோ. மாலையில் அழைத்தாள். எடுக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

சுண்ணாம்பு கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இவருடைய கட்டுத் துணியைப் பார்த்தாலும் அதுதான்.

அந்தியில் குடுவையையும் ஒரு மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மாடிக்குக் கூரை இல்லை. இவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பின்னால் வந்தார். வேண்டாம் என்றேன். வந்தார்.

ஏற்றினேன். மூடினேன்.

ஒன்றும் இல்லை.

குடுவை இருந்த இடத்தில் இருட்டில் ஓர் இருட்டு. மூடியின் துளைகளை என் நீலமே பாதி அடைத்திருந்தது. மீதி வழியாகப் புகை மட்டும் வந்தது, வெளிச்சம் வரவில்லை. பொன் நட்சத்திரங்கள் பகலில் மின்னுபவை. உள்ளிருந்து பார்த்தால் அவை இன்னும் ஒரு பூச்சு, அவ்வளவே. கை வைத்தேன். சுட்டது. உள்ளே எரிகிறது. வெளியே எவருக்கும் தெரியாது.

எல்லாக் குடுவைகளையும் வெயிலில் பிடித்துத்தான் பார்த்தேன். வெளிச்சம் உள்ளே இருக்கப் போகிறது என்று ஒருமுறையும் நினைக்கவில்லை.

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு, "பகல்ல ரொம்ப நல்லாருக்கு, ரெஜினா."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை. குடுவைகளைத் தொடவில்லை. தூரிகைகள் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடக்கின்றன, கெட்டுப் போகும். போகட்டும்.

ச.மு. ஞாயிறு அறிவிப்பைக் கொண்டுவந்தார். உட்காரவில்லை. நடையில் நின்றே நீட்டினார். குறியிட்ட குழிகள் ஐந்தாறு. கடைசியில்: "கெழக்குச் செவரு வேப்பமரம் சின்னக் குழி."

காப்பி கொடுத்தேன். குடித்தார்.

"மதினி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிடாதீக. எந்திரிச்சு மழைல அணைஞ்சிருச்சுன்னு சொல்லாதீக. போன வருசம் எல்லாப் பயலும் மழை, காத்து, ஆடுன்னு சொல்லி அம்புட்டுக் குழியையும் திருப்பி எடுத்துக்கிட்டாய்ங்க. இந்தத் தடவ அதெல்லாம் செல்லாதுன்னு சாமியாரு சொல்லிட்டாரு. வெளக்கு ஏத்துனது நெசம்னா, ஏன் எரியலன்னு சொல்லணும்."

"குறியை நீங்களே அழித்தால்?"

"நான் வச்சத நானே அழிச்சா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் அழிக்கச் சொல்வான். அதுவும் கண்ணு தெரியாத ஆளுன்னு இப்பவே பேசுறாய்ங்க." காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "பெரிய சங்கதியில்ல. டீக்கடைல ரெண்டு பேரு கேட்டாய்ங்க, வாளிய வேற ஆளுக்குக் குடுத்துரலாமான்னு."

அவர் போன பின்னும் நடையில் நின்றேன். மாடியில் கண்டதை அவரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நம் பங்குக் கோயிலில் குடுவை வாங்காத வீடு எது? எல்லோரும் கேட்பார்கள்: எங்கள் குடுவையும் இப்படித்தானா என்று. இல்லை. அவை மெல்லிய வண்ணம். நான் கேவலமாக நினைத்த அந்த வண்ணம்.

ஜோ. மறுபடி. இம்முறை எடுத்தேன். "குறியெல்லாம் போட்டாச்சாமே? நம்மளுக்கு ஒண்ணும் இல்லேல்ல?" "ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்" என்றேன். அவள் குரல் தாழ்ந்தது. "சரிக்கா."

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 8, சனி

ஞாயிற்றுக்கான வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன்.

"மேற்படி குழியில் முறையே விளக்கு ஏற்றப்பட்டிருந்தது, எனினும் குடுவையின் மேற்பூச்சின் அடர்த்தி காரணமாக..." அடித்துவிட்டேன்.

"யாருடைய கவனக்குறைவும் இன்றி..." பொய். அடித்துவிட்டேன்.

"ஒளி புலப்படாமையால்..." யாருக்குப் புலப்படாமை?

இவருக்குக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல தமிழ். பூசுனது யாருன்னுதான் எங்கயும் இல்ல."

மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை மறக்கக் கூடாது.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதி வைக்க வேண்டும். கை ஓய்ந்திருக்கிறது. இருந்தாலும்.

பூசை முடிவில் மேடை ஏறினேன். சீட்டைப் பிரித்தேன். திருத்தி எழுதிக்கொண்டு போகவில்லை. ச.மு. எழுதியதையே வாசித்தேன், அவர் எழுத்தில், அவர் பிழையோடு. ஒவ்வொரு குழியாக. ஒரு கிழவர் எழுந்தார், தம் மனைவியின் குழி என்றார், விளக்கு ஏற்ற மறந்துவிட்டேன் என்றார், உட்கார்ந்து அழுதார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். மற்றவற்றுக்கு யாரும் எழவில்லை.

"கெழக்குச் செவரு வேப்பமரம் சின்னக் குழி."

யாரும் எழவில்லை. எழ வேண்டியவள் மேடையில் அல்லவா நிற்கிறாள்.

ஒரு வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. வரவில்லை. என் அம்மாவின் வாய்தான் வந்தது.

"அது எங்க அருளு. ஏந் தங்கச்சி மகன். நான்தான் வெளக்கு வச்சேன், கடைசி மட்டும் எரிஞ்சுச்சு. நான் பூசுன பெயிண்ட்டு மறைச்சிருச்சு. அழகா இருக்கணும்னு அப்பிட்டேன். ஏத்திப் பாக்கல. சவரிமுத்துத் தம்பி கண்ணு நல்லாத்தான் இருக்கு. அவரு பாத்தது இருட்டு. நான் வச்சது இருட்டு."

ஒலிபெருக்கியில் என் மூச்சு கேட்டது. பின்வரிசையில் யாரோ, "அதான பாத்தேன், எங்க சேவல் நல்லாத்தான் எரிஞ்சுச்சு" என்றாள். சிரிப்பு. சாமியாரும் சிரித்தார். நான் சீட்டை மடித்தேன்.

சாமியார் ச.மு.வைப் பார்த்தார். ச.மு. எழுந்து, "அழிச்சுரலாம் சாமி" என்றார்.

பூசை முடிந்து நேரே கல்லறைத் தோட்டம். ச.மு. தென்னந் துடைப்பத்தை வாளித் தண்ணீரில் முக்கித் தேய்த்தார். சுண்ணாம்பு மண்ணோடு மண்ணாகப் போக நேரமாயிற்று. நானும் குந்தி, கையால் தேய்த்தேன். விரலிடுக்கில் எரிச்சல்.

"மதினி, மேடைல நீங்க பேசுனது இன்னைக்குத்தான் எனக்கு முழுசா வெளங்குச்சு."

"தம்பி, அன்றைக்கு நான் சொன்னதை..."

"வாளியத் தூக்குங்க, நேரமாச்சு" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். நல்ல வெயில். இவருடைய குதிகால் ஓரம் இன்று காய்ந்திருக்கிறது. சொல்லாமல் கட்டினேன், சொன்னால் நடக்கத் தொடங்கிவிடுவார்.

ஜோ.விடம் எல்லாம் சொன்னேன். ஞாயிறே சொல்லியிருக்க வேண்டும். குறி போட்டது, அழித்தது, மாடியில் பார்த்தது. முடித்ததும் கேட்டாள்: "குழி இருக்குல்ல?"

"இருக்கிறது."

"அப்பச் சரி." மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பாட்டில என்ன செஞ்ச?"

வண்ணத்தைச் சுரண்டிவிடப் போகிறேன் என்றேன். பிளேடு எடுத்து வைத்திருந்தேன். கழுத்தில் ஒரு நகமளவு சுரண்டியும் ஆயிற்று.

"ஏன்க்கா சுரண்டுற? எனக்குக் குடுத்து விடு. அடுப்பங்கரையில உப்புப் போட்டு வச்சுக்கிடுறேன். உப்புக்கு எதுக்கு வெளிச்சம்?"

அடுத்த ஆண்டுக்கு மெல்லிய நீலமே. சாயத் தண்ணீராக இருந்தாலும்.

பாண்டியம்மாவின் மருமகன் நாளைக் காலை உசிலம்பட்டி போகிறான். பழைய வேட்டி கிழித்துச் சுற்ற வேண்டும். மூடியைத் தனியாக. உள்ளே இருந்த மணலைக் கொட்டிக் கழுவினேன், அடியில் ஒட்டிய மெழுகு மட்டும் வரவில்லை. வெந்நீர் வைத்திருக்கிறேன்.